பிணை வாங்க முடிந்தவருக்கு வாக்கு, முடியாதவருக்கு இல்லை: சிறைவாசிகளின் வாக்குரிமையும் திண்டுக்கல்லும்

2024 ஏப்ரல் 19 அன்று திண்டுக்கல் மக்களவைத் தொகுதி வாக்களித்தது. பழனி, ஒட்டன்சத்திரம், ஆத்தூர், நிலக்கோட்டை, நத்தம், திண்டுக்கல் ஆகிய ஆறு சட்டமன்றத் தொகுதிகளை அடக்கியது இது. நிலக்கோட்டை பட்டியல் சாதியினருக்கென ஒதுக்கப்பட்ட தொகுதி. 1973 இடைத்தேர்தலில் தமிழக அரசியலின் திசையையே மாற்றிய ஊர் என்று திண்டுக்கல்லைப் பற்றிப் பெருமையாகச் சொல்வதுண்டு. அந்த ஏப்ரல் நாளில் எண்பத்தைந்து வயதைக் கடந்தவர்களுக்கு வீட்டுக்கே சென்று வாக்குப் பெறும் ஏற்பாடு இருந்தது. தேர்தல் பணியில் இருந்த ஊழியர்களுக்கு அஞ்சல் வாக்கு இருந்தது. திண்டுக்கல் நகரிலேயே உள்ள மாவட்டச் சிறையில் விசாரணைக் கைதிகளாக அடைக்கப்பட்டிருந்தவர்களுக்கு மட்டும் எந்த ஏற்பாடும் இல்லை. அவர்கள் குற்றவாளிகள் என்று எந்த நீதிமன்றமும் தீர்ப்பளித்திருக்கவில்லை. ஆயினும் அன்று அவர்கள் குடிமக்களாகக் கணக்கில் வரவில்லை.

தண்டனை பெற்றவர்களுக்கு வாக்குரிமையை மீட்டளிப்பது குறித்த விவாதம் அமெரிக்காவில் பல ஆண்டுகளாக நடக்கிறது. அங்கே பல மாநிலங்களில் சிறையை விட்டு வெளியே வந்த பிறகும் வாக்குரிமை திரும்புவதில்லை என்பதே சிக்கல். இந்தியாவில் சிக்கல் வேறு வடிவத்தில் இருக்கிறது. இங்கே தண்டனை முடிந்து வெளியே வருபவர் சட்டப்படி வாக்காளர்தான். தேர்தல் குற்றங்களுக்காகத் தகுதியிழந்தவர்கள் மட்டுமே இதற்கு விலக்கு. உள்ளே இருக்கும்வரை, தண்டனை பெற்றவர், பெறாதவர் என்ற வேறுபாடே இல்லாமல் எல்லோருடைய வாக்கும் பறிக்கப்படுகிறது. அமெரிக்கச் சட்டம் குற்றவாளி என்று தீர்ப்பான பிறகு வாக்கைப் பறிக்கிறது. இந்தியச் சட்டம் தீர்ப்புக்குக்கூடக் காத்திருப்பதில்லை.

சட்டம் சொல்வது என்ன?

1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், பிரிவு 62, உட்பிரிவு 5. சிறைத் தண்டனையின் பேரிலோ வேறு வகையிலோ சிறையில் அடைக்கப்பட்டிருக்கும் எவரும், காவல்துறையின் சட்டப்படியான காவலில் இருக்கும் எவரும், எந்தத் தேர்தலிலும் வாக்களிக்கக் கூடாது என்கிறது அது. 'வேறு வகையிலோ' என்ற அந்த ஒரு சொற்றொடர்தான் விசாரணைக் கைதிகள் அனைவரையும் வாரி உள்ளே போடுகிறது. முன்னெச்சரிக்கைத் தடுப்புக் காவலில் இருப்பவர்களுக்கு மட்டும் இது பொருந்தாது.

அரசியலமைப்பின் 326ஆம் உறுப்பு பதினெட்டு வயது நிறைந்த ஒவ்வொரு குடிமகனுக்கும் குடிமகளுக்கும் வாக்காளராகப் பதிவுபெறும் உரிமையை அளிக்கிறது. அந்த உரிமையைச் சட்டத்தால் மறுக்கக்கூடிய காரணங்களில் ஒன்றாகக் 'குற்றம்' என்பதை அது குறிப்பிடுகிறது. குற்றச்சாட்டு என்று அது சொல்லவில்லை. முதல் தகவல் அறிக்கையில் பெயர் இருப்பது குற்றம் ஆகாது என்பது சட்டக் கல்லூரியின் முதலாண்டுப் பாடம். ஆனால் வாக்களிக்கும் உரிமை அடிப்படை உரிமையன்று, சட்டம் தந்த உரிமைதான் என்ற நிலைப்பாட்டை உச்ச நீதிமன்றம் தொடக்கத்திலேயே எடுத்துவிட்டது. தேர்தல் உரிமைகள் சட்டத்திலிருந்து பிறப்பவை, சட்டம் வைக்கும் எல்லைக்குள் அடங்குபவை என்று 1952இல் அது கூறியது. நாமக்கல் தொகுதியில் வேட்புமனு நிராகரிக்கப்பட்ட பொன்னுசாமி என்பவர் தொடுத்த வழக்கு அது. தமிழ் மண்ணிலிருந்து சென்ற அந்த வழக்கின் நிழல் இன்றுவரை நீள்கிறது. சட்டம் கொடுத்ததைச் சட்டமே எடுத்துக்கொள்ளலாம் என்ற வாதம் சிறைவாசிகளின் தலையில்தான் முதலில் விடிகிறது.

ஒரே வழக்கு, இரு குடிமக்கள்

ஓர் எடுத்துக்காட்டை எண்ணிப் பார்ப்போம். நிலக்கோட்டைப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் இரு தரப்புக்கும் மோதல். ஒரே பிரிவுகளின் கீழ் இரண்டு பேர் கைது செய்யப்படுகிறார்கள். ஒருவர் தோட்டமும் கட்டடமும் உள்ளவர். மற்றவர் பூப்பறிக்கும் கூலித் தொழிலாளி. இருவருக்கும் ஒரே நாளில், ஒரே நிபந்தனையில் பிணை கிடைக்கிறது: தலா இரண்டு பிணையாள்கள், குறிப்பிட்ட தொகைக்கான சொத்துச் சான்று. முதலாமவர் மறுநாளே வெளியே வருகிறார். இரண்டாமவருக்குப் பிணையாளாக வர ஊரில் ஆளில்லை. வர விரும்பும் உறவினருக்கோ சொத்தில்லை. புறம்போக்கில் குடிசை கட்டி வாழ்பவருக்குப் பட்டா கிடையாது. பட்டா இல்லாதவர் காட்டும் ஆவணத்தை நீதிமன்ற அலுவலகம் ஏற்பதில்லை. பிணை ஆணை கையில் இருக்கும். ஆள் உள்ளே இருப்பார்.

தேர்தல் நாள் வருகிறது. முதலாமவர் வரிசையில் நின்று விரலில் மை வைத்துக்கொள்கிறார். இரண்டாமவருக்கு வாக்கில்லை. இருவருக்கும் இடையே சட்டத்தின் கண்ணில் உள்ள வேறுபாடு குற்றமன்று, பட்டா. இன்னும் ஒரு படி மேலே போகலாம். விசாரணை முடிந்து முதலாமவருக்குத் தண்டனையே விதிக்கப்பட்டாலும், மேல்முறையீட்டில் தண்டனை நிறுத்திவைக்கப்பட்டுப் பிணையில் வெளியே இருந்தால் அவர் வாக்களிக்கலாம். குற்றம் மெய்ப்பிக்கப்பட்டவர் வாக்களிக்கிறார். மெய்ப்பிக்கப்படாதவர் வாக்களிக்க முடியாது. பிரிவு 62(5) குற்றத்தைத் தண்டிப்பதாகத் தோற்றம் காட்டுகிறது. உண்மையில் அது பிணை வாங்க முடியாமையைத் தண்டிக்கிறது.

1978இல் மோதிராம் வழக்கில் நீதியரசர் வி.ஆர்.கிருஷ்ணய்யர் இதைத்தான் வேறு கோணத்தில் சுட்டிக்காட்டினார். கொத்தனார் ஒருவருக்குப் பத்தாயிரம் ரூபாய்க்குப் பிணை கேட்டது மட்டுமின்றி, அவருடைய சகோதரர் வேறு மாவட்டத்தில் வாழ்பவர் என்பதற்காக அவரது பிணையையும் மறுத்திருந்தார் ஒரு நடுவர். பிணை முறையே ஏழைகளுக்கு எதிராகச் சாய்ந்திருப்பதாகக் கண்டித்தது அத்தீர்ப்பு. ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஆகிவிட்டது. 2023இல் ஒன்றிய அரசே, பிணைத்தொகை கட்ட இயலாத ஏழைக் கைதிகளுக்கு 40,000 ரூபாய் வரை உதவும் திட்டத்தை அறிவிக்க நேர்ந்தது. பணம் இல்லாததால் மட்டுமே சிறையில் கிடப்பவர்கள் இருக்கிறார்கள் என்பதற்கு அரசு தந்த ஒப்புதல் வாக்குமூலம் அது.

உள்ளே இருப்பவர்கள் யார்?

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022ஆம் ஆண்டு இறுதியில் இந்தியச் சிறைகளில் 5,73,220 பேர் இருந்தனர். அவர்களில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நான்கில் மூன்று பங்கு. விசாரணைக் கைதிகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் பட்டியல் சாதியினர். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் அவர்களின் பங்கோ 16.6 விழுக்காடு. பழங்குடியினரும் முஸ்லிம்களும் இதேபோல் தம் மக்கள்தொகைப் பங்கைவிடக் கூடுதலாகவே சிறையில் இருக்கிறார்கள். சிறைவாசிகளில் பெரும்பாலோர் பத்தாம் வகுப்பைத் தாண்டாதவர்கள். வாக்கு பறிக்கப்பட்டவர்களின் பட்டியலை எடுத்தால் அது இந்நாட்டின் நிலமற்றோர் பட்டியலோடு பெரிதும் ஒத்துப்போகும்.

சிறைக்குள்ளும் சாதி வெளியே போய்விடுவதில்லை. 2024 அக்டோபர் 3 அன்று பத்திரிகையாளர் சுகன்யா சாந்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, சாதி பார்த்து வேலை ஒதுக்கிய சிறை விதிகளை அரசியலமைப்புக்கு முரணானவை என்று நீக்கியது. அத்தீர்ப்பில் பாளையங்கோட்டை மத்தியச் சிறையில் சாதிவாரியாகக் கைதிகளைப் பிரித்து வைத்ததும் பேசப்பட்டது. கைதிப் பதிவேட்டில் சாதி என்ற கட்டமே இருக்கக் கூடாது என்று நீதிமன்றம் ஆணையிட்டது. குற்றப் பரம்பரைச் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947இல் ஒழிக்கப்பட்டது. பிறப்பை வைத்துக் குற்றவாளியை அடையாளம் காணும் மனம் ஒழியவில்லை. அந்தச் சட்டத்தின் கீழ் கைரேகை வைக்கப்பட்ட சமூகங்கள் மதுரை, திண்டுக்கல் வட்டாரத்தில் இன்றும் வாழ்கின்றன. சிறைவாசியின் வாக்குரிமை தலித்துகளின் சிக்கல் மட்டுமன்று என்பதையும் இது நினைவூட்டுகிறது.

சட்டமன்ற உறுப்பினராக இருக்கலாம், வாக்காளராக இருக்க முடியாது

இந்தத் தடை அறத்தின் பேரில் போடப்பட்டது என்று நம்புகிறவர்கள் 2013இல் நடந்ததைப் பார்க்க வேண்டும். சிறையில் இருப்பவர் வாக்களிக்க முடியாது என்றால் அவர் வேட்பாளராகவும் நிற்க முடியாது என்று பாட்னா உயர் நீதிமன்றம் அளித்த தீர்ப்பை, 2013 ஜூலை 10 அன்று உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. கட்சிகள் பதறின. சில மாதங்களுக்குள் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. சிறையில் இருப்பதால் ஒருவர் வாக்காளர் என்ற தகுதியை இழப்பதில்லை என்று ஒரு வாசகம் சேர்க்கப்பட்டது. அதன் பயன் என்ன? சிறையிலிருந்து தேர்தலில் நிற்கலாம். வாக்களிப்பதற்கான தடை அப்படியே நீடித்தது. தலைவர்களுக்கு வேண்டிய கதவு திறக்கப்பட்டது. மக்களுக்கு வேண்டிய கதவு மூடியே கிடக்கிறது.

இதன் விளைவுகளை நாம் நம் கண்முன்னே கண்டோம். வேடசந்தூர் சட்டமன்றத் தொகுதி திண்டுக்கல் மாவட்டத்தில் இருந்தாலும் கரூர் மக்களவைத் தொகுதியைச் சேர்ந்தது. கரூர் சட்டமன்ற உறுப்பினர் செந்தில்பாலாஜி 2023 ஜூனில் கைது செய்யப்பட்டு, சிறையில் இருந்தபடியே மாதக்கணக்கில் இலாகா இல்லாத அமைச்சராக நீடித்தார். 2024 ஏப்ரலில் வாக்குப்பதிவு நடந்தபோது அவர் புழல் சிறையில் சட்டமன்ற உறுப்பினராக இருந்தார். வாக்களிக்க மட்டும் அவருக்கு உரிமையில்லை. அதே தேர்தலில் திகார் சிறையில் விசாரணைக் கைதியாக இருந்த பொறியாளர் ரஷீத் பாரமுல்லாவில் வெற்றி பெற்றார். இலட்சக்கணக்கானோர் அவருக்கு வாக்களித்தனர். அவர் தமக்கு வாக்களித்துக்கொள்ள முடியாது. டெல்லி முதலமைச்சராக இருந்த அரவிந்த் கெஜ்ரிவாலுக்கு மே 10 அன்று இடைக்காலப் பிணை கிடைத்தது. பரப்புரை செய்தார், மே 25 அன்று வாக்களித்தார், ஜூனில் சிறைக்குத் திரும்பினார். அவருக்குப் பிணை கொடுத்ததில் நமக்கு மறுப்பில்லை. தேர்தல் என்ற காரணத்துக்காகச் சிறைக் கதவு திறக்கும் என்றால், அது திண்டுக்கல் சிறையில் இருக்கும் நூற்பாலைத் தொழிலாளிக்கு ஏன் திறக்காது என்பதே நம் கேள்வி.

குண்டர் சட்டத்தில் இருப்பவருக்கு உள்ள உரிமை

தமிழ்நாட்டில் இந்தச் சட்டத்தின் முரண் இன்னும் கூர்மையாகத் தெரியும். 1982ஆம் ஆண்டின் 14ஆம் சட்டத்தை நாம் குண்டர் சட்டம் என்கிறோம். அது முன்னெச்சரிக்கைத் தடுப்புக் காவல் சட்டம். தடுப்புக் காவலில் இருப்போர் எண்ணிக்கையில் தமிழ்நாடு அண்மை ஆண்டுகளில் நாட்டிலேயே முன்னணியில் இருந்துவருகிறது. பிரிவு 62(5)இன் விலக்கு வாசகம் இவர்களுக்கு வாக்குரிமை அளிக்கிறது. 1961ஆம் ஆண்டுத் தேர்தல் நடத்தை விதிகளில் 18ஆம் விதி இவர்கள் அஞ்சல் வழியே வாக்களிக்கலாம் என்கிறது. 21ஆம் விதி அரசுக்கு ஒரு கடமையை விதிக்கிறது: தேர்தல் அறிவிக்கப்பட்ட பதினைந்து நாள்களுக்குள் தடுப்புக் காவலில் உள்ள வாக்காளர்களின் பெயர், முகவரி, வாக்காளர் பட்டியல் எண், அடைக்கப்பட்டிருக்கும் இடம் ஆகியவற்றைக் கண்டறிந்து தேர்தல் நடத்தும் அலுவலருக்குத் தெரிவிக்க வேண்டும். அரசு தெரிவிக்கத் தவறினாலும், காவலில் இருப்பவர் தாமே அதே காலக்கெடுவுக்குள் எழுதி அனுப்பலாம்.

இதன் பொருளை நிதானமாக எண்ணிப் பாருங்கள். 'குண்டர்' என்று மாவட்ட ஆட்சியர் ஆணையிட்டு அடைக்கப்பட்டவருக்கு வாக்குண்டு. அந்த ஆணையை எதிர்த்து ஆட்கொணர்வு மனு போட்டு, உயர் நீதிமன்ற மதுரைக் கிளை ஆணையை இரத்து செய்த பிறகும், அடிப்படை வழக்கில் பிணை கிடைக்காமல் அவர் உள்ளேயே இருந்தால் அவருடைய வாக்கு போய்விடுகிறது. நீதிமன்றத்தில் வென்றவர் வாக்கை இழக்கிறார்! தடுப்புக் காவலைப் பயன்படுத்தி எதிரிகளின் வாக்கை அரசு தடுத்துவிடக் கூடாது என்ற அச்சம் இந்த விலக்குக்கு நியாயம் சேர்க்கிறது. அதே அச்சம் பொய் வழக்கில் கைது செய்யப்படும் சேரி இளைஞரைப் பற்றி ஏன் எழவில்லை? தேர்தலுக்கு முந்தைய வாரத்தில் ஒரு தெருவையே வழக்கில் சேர்த்து உள்ளே தள்ளினால் அந்தத் தெருவின் வாக்குகள் அனைத்தும் சட்டப்படியே மறைந்துவிடும்.

1997ஆம் ஆண்டுத் தீர்ப்பின் காரணங்கள்

பிரிவு 62(5) சமத்துவத்துக்கு முரணானது என்று தொடுக்கப்பட்ட அனுகுல் சந்திர பிரதான் வழக்கை 1997 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. தலைமை நீதியரசர் ஜே.எஸ்.வர்மாவின் அமர்வு சொன்ன காரணங்களைச் சுருக்கினால் மூன்று: தம் நடத்தையால் சிறை சென்றவர் வெளியே இருப்பவருக்குச் சமமான உரிமையைக் கோர முடியாது, சிறைவாசிகள் அனைவரையும் வாக்களிக்கச் செய்ய வேண்டிய காவல் பலமும் வசதியும் இல்லை, குற்றப் பின்னணி உள்ளவர்களைத் தேர்தல் களத்திலிருந்து விலக்கி வைக்க வேண்டும்.

முதற்காரணம் விசாரணைக் கைதிக்குப் பொருந்தாது. அவருடைய 'நடத்தை' என்னவென்பதைத் தீர்மானிக்கத்தான் விசாரணையே நடக்கிறது. இரண்டாவது காரணம் 1997இல் ஓரளவு கேட்கத்தக்கதாக இருந்திருக்கலாம். இன்று கிர் காட்டில் ஒற்றை வாக்காளருக்காகத் தனி வாக்குச்சாவடி அமைத்ததைத் தேர்தல் ஆணையம் பெருமையோடு சொல்லிக்கொள்கிறது. எல்லையில் இருக்கும் படைவீரருக்கு மின்னணு வழியே வாக்குச்சீட்டு போகிறது. படுக்கையில் இருக்கும் முதியவரிடம் வாக்குப்பெட்டி போகிறது. சிறைவாசிகள் ஒரே சுவருக்குள், பெயர்ப் பதிவேட்டோடு, நாள்தோறும் எண்ணப்பட்டு இருப்பவர்கள். அவர்களிடம் வாக்குப் பெறுவதுதான் எல்லாவற்றிலும் எளிது. தடுப்புக் காவல் கைதியின் அஞ்சல் வாக்கைப் பெற வழியிருக்கிறது என்றால், அதே சிறையின் அடுத்த அறையில் இருப்பவருடையதைப் பெற என்ன தடை? மூன்றாவது காரணத்தை மறுக்க நாம் எதுவும் சொல்லத் தேவையில்லை. பிணையில் இருக்கும் வேட்பாளர்களின் வேட்புமனுப் பிரமாணப் பத்திரங்களைப் படித்தால் போதும்.

2022 அக்டோபரில், இத்தடையை எதிர்த்து ஆதித்ய பிரசன்ன பட்டாச்சார்யா என்ற சட்டக் கல்லூரி மாணவர் தொடுத்த மனுவில் உச்ச நீதிமன்றம் ஒன்றிய அரசுக்கும் தேர்தல் ஆணையத்துக்கும் அறிவிப்பு அனுப்பியது. பிணை கிடைக்கும் ஆற்றலே வாக்குரிமையைத் தீர்மானிக்கிறது என்பதே அவருடைய வாதத்தின் மையம். கல்லூரி மாணவர்கள் இந்தச் செய்தியைக் குறித்துக்கொள்ள வேண்டும். இந்தக் கேள்வியை நாட்டின் உயர்ந்த மன்றத்துக்குக் கொண்டுசென்றது ஒரு மாணவர்.

மேலவளவு எழுப்பும் கேள்வி

இங்கே நம் தோழர்களில் சிலர் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. அது தட்டிக்கழிக்கக் கூடாத கேள்வி. விசாரணைக் கைதிக்கு வாக்குரிமை கேட்பது சரி. தலித்துகளைக் கொன்று தண்டனை பெற்றவர்களுக்கும் கேட்கப்போகிறோமா?

1996இல் தனித்தொகுதியாக அறிவிக்கப்பட்ட மேலவளவு ஊராட்சியில் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் முருகேசன். 1997 ஜூன் 30 அன்று அவரும் அவருடன் வேறு சிலரும் படுகொலை செய்யப்பட்டனர். வாக்குச்சீட்டால் கிடைத்த பதவிக்கு அரிவாளால் சொல்லப்பட்ட பதில் அது. உச்ச நீதிமன்றம் பிரிவு 62(5)ஐ உறுதி செய்தது அடுத்த மாதம். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை தெரியும். கொலையாளிகளின் வாக்கைப் பறிக்கும் சட்டம் 1951 முதல் இருந்தது. அது முருகேசனைக் காக்கவில்லை. ஆயுள் தண்டனை பெற்ற பதினேழு பேரில் மூவர் 2008இலும் பதின்மூவர் 2019 நவம்பரிலும் முன்கூட்டியே விடுவிக்கப்பட்டனர். வெளியே வந்தவுடன் அவர்கள் சட்டப்படி முழு வாக்காளர்கள். அப்போது நம் இயக்கங்கள் போராடியது முன்விடுதலைக்கு எதிராக. அவர்களுடைய வாக்குக்கு எதிராக அன்று. அந்தப் போராட்டத்தின் இலக்கு சரியானது. தண்டனை உறுதியாக வேண்டும், முழுமையாக நிறைவேற வேண்டும். சாதி வெறியரின் வாக்கு நம்மை அச்சுறுத்தவில்லை. தண்டனையிலிருந்து அவருக்குக் கிடைக்கும் விலக்குதான் அச்சுறுத்துகிறது.

தலித்துகளின் வாக்கைக் காக்கும் சட்டம் வேறொன்று இருக்கிறது. பட்டியல் சாதியினரை வாக்களிக்க விடாமல் தடுப்பதையும், குறிப்பிட்ட வேட்பாளருக்கு வாக்களிக்கக் கட்டாயப்படுத்துவதையும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பிரிவு 3 தண்டனைக்குரிய குற்றம் என்கிறது. அதைப் பயன்படுத்துவதுதான் வழி. குற்றவாளிகளின் வாக்கைப் பறிக்கும் அதிகாரத்தை அரசின் கையில் விட்டுவைத்தால், அந்தக் கருவி முதலில் எந்தத் தெருவுக்குள் நுழையும் என்பதைச் சிறைக் கணக்குகள் நமக்குக் காட்டிவிட்டன.

டாக்டர் அம்பேத்கர் 1919இல் சவுத்பரோ குழுவின் முன்பும் 1928இல் சைமன் குழுவின் முன்பும் வாக்குரிமையைப் பற்றிப் பேசியபோது, சொத்தும் கல்வியும் உள்ளவர்களுக்கே வாக்கு என்ற கருத்து ஆட்சி செய்தது. சைமன் குழுவிடம் அவர் வயது வந்தோர் அனைவருக்கும் வாக்கு வேண்டும் என்று கோரினார். வாக்கு, தகுதி பெற்றவருக்குத் தரும் பரிசன்று. தன்னைக் காத்துக்கொள்ள ஒடுக்கப்பட்டவருக்கு வேண்டிய கருவி என்பதே அந்தக் கோரிக்கையின் சாரம். சொத்துத் தகுதியை 1950இல் முன்வாசல் வழியே வெளியேற்றினோம். பிணையாளின் சொத்துச் சான்று என்ற பெயரில் அது பின்வாசல் வழியே திரும்பி வந்து உட்கார்ந்திருக்கிறது.

பிற நாடுகள்

நிறவெறியிலிருந்து விடுபட்ட தென்னாப்பிரிக்காவில் அரசியலமைப்பு நீதிமன்றம் 1999இல் சிறைவாசிகளின் வாக்குரிமையை நிலைநாட்டியது. ஒவ்வொருவரின் வாக்கும் அவர் மனிதராக மதிக்கப்படுவதன் அடையாளம் என்ற நோக்கில் நீதியரசர் ஆல்பி சாக்ஸ் அத்தீர்ப்பை எழுதினார். அபராதம் கட்டித் தப்பும் வாய்ப்பில்லாமல் தண்டனை அனுபவிப்பவர்களுக்கு வாக்கை மறுத்து அரசு கொண்டுவந்த சட்டத்தை 2004இல் அதே நீதிமன்றம் செல்லாது என்றது. கனடாவின் உச்ச நீதிமன்றம் 2002இல் தண்டனைக் கைதிகளுக்கும் வாக்குரிமை உண்டு என்று தீர்ப்பளித்தது. அண்டை நாடான பாகிஸ்தானின் 2017 தேர்தல் சட்டம் சிறையில் இருப்பவர்களுக்கு அஞ்சல் வாக்கு அளிக்கிறது.

அமெரிக்காவின் புளோரிடா நமக்கு ஓர் எச்சரிக்கை. தண்டனை முடித்தவர்களுக்கு வாக்குரிமையைத் திருப்பித்தர 2018இல் அம்மாநில மக்கள் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு வாக்குகளால் முடிவெடுத்தனர். மறு ஆண்டே சட்டமன்றம் ஒரு நிபந்தனையைச் சேர்த்தது: நீதிமன்றக் கட்டணங்களையும் அபராதங்களையும் முழுவதும் செலுத்திய பிறகே தண்டனை முடிந்ததாகக் கொள்ளப்படும். கறுப்பின ஏழைகளுக்குத் திறந்த கதவு பணத்தால் மீண்டும் பூட்டப்பட்டது. அங்கே அபராதம், இங்கே பிணைத்தொகை. பெயர்தான் வேறு.

வெளியே வந்த பிறகும்

விடுதலையானவர் சட்டப்படி வாக்காளர் என்றோம். நடைமுறையில் அவருடைய பெயர் பட்டியலில் இருக்கிறதா? 1950ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், பிரிவு 20 தெளிவாகச் சொல்கிறது: சிறையில் அடைக்கப்பட்டிருப்பதாலேயே ஒருவர் சிறை இருக்கும் இடத்தில் வசிப்பவராகக் கருதப்பட மாட்டார். அவருடைய வீடு வீடுதான். ஆனால் வீடு வீடாகச் சரிபார்க்க வரும் வாக்குச்சாவடி நிலை அலுவலரின் கண்ணுக்கு அவர் 'இல்லாதவர்'. 2025 நவம்பரில் தமிழ்நாட்டில் தொடங்கிய சிறப்புத் தீவிரத் திருத்தத்தில், டிசம்பர் 19 அன்று வெளியான வரைவுப் பட்டியலிலிருந்து சுமார் 97 இலட்சம் பெயர்கள் விடுபட்டன. இறந்தவர், இடம்பெயர்ந்தவர், வீட்டில் காணப்படாதவர், இரட்டைப் பதிவு எனப் பல காரணங்கள். சிறையில் இருந்ததால் படிவத்தில் கையெழுத்திட முடியாமல் போனவர்களுக்கென்று அந்தப் பட்டியலில் தனித் தலைப்பு எதுவும் இல்லை. 2013 திருத்தம் காப்பாற்றிய பெயரை ஒரு கணக்கெடுப்புப் படிவம் நீக்கிவிட முடியும்.

ஆகவே பெரிய தீர்ப்புக்காகக் காத்திருக்கும்போதே நம் மாவட்டத்தில் செய்யக்கூடியவை சில இருக்கின்றன.

முதலாவது, பெயர் சேர்ப்பு. விடுதலையானவர், பிணையில் வந்தவர் ஒவ்வொருவரின் பெயரும் பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் படிவம் 6. சிறையில் இருப்பவரின் பெயரை 'வசிக்கவில்லை' என்று நீக்கியிருந்தால், நீக்குமுன் தம் தரப்பைச் சொல்ல வாய்ப்பளிக்க வேண்டும் என்ற பிரிவு 22ஐச் சுட்டி முறையிட வேண்டும்.

இரண்டாவது, தடுப்புக் காவல் கைதிகளின் அஞ்சல் வாக்கு. கடந்த தேர்தலில் விதி 21இன்படி எத்தனை பேரின் விவரங்கள் தேர்தல் நடத்தும் அலுவலருக்கு அனுப்பப்பட்டன, எத்தனை அஞ்சல் வாக்குச்சீட்டுகள் வழங்கப்பட்டன என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். பத்து ரூபாய்ச் செலவு. அடுத்த தேர்தல் அறிவிக்கப்பட்டதும் கைதிகளின் குடும்பங்களைச் சந்தித்து, பதினைந்து நாள்களுக்குள் விருப்பக் கடிதம் போக உதவலாம். இருக்கும் உரிமையைப் பயன்படுத்தாமல் இல்லாத உரிமையைக் கேட்பது வலுவிழந்த வாதம்.

மூன்றாவது, பிணை. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் பிரிவு 479, முதன்முறை குற்றம் சாட்டப்பட்டவர் உச்சத் தண்டனைக் காலத்தில் மூன்றில் ஒரு பங்கைக் கழித்துவிட்டால் அவரைப் பிணையில் விடுவிக்க வழிசெய்கிறது. மரண தண்டனை, ஆயுள் தண்டனைக்குரிய வழக்குகளும், ஒன்றுக்கு மேற்பட்ட வழக்கு நிலுவையில் உள்ளவர்களும் இதில் அடங்கா. சட்டம் நடைமுறைக்கு வருமுன் பதிவான வழக்குகளுக்கும் இது பொருந்தும் என்று 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. மாவட்ட முதன்மை நீதிபதி தலைமையில் இயங்கும் விசாரணைக் கைதிகள் மறுஆய்வுக் குழுவின் முன் தகுதியுள்ள பெயர்களைக் கொண்டுசெல்வது மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் வேலை. அந்த வேலை நடக்கிறதா என்று கேட்பது நம் வேலை. பிணையில் ஒருவரை வெளியே கொண்டுவரும்போது அவருடைய கூலியும் குடும்பமும் மட்டுமன்று, வாக்கும் அவரோடு வெளியே வருகிறது.

கோரிக்கை எளியது. பிரிவு 62(5)இலிருந்து 'வேறு வகையிலோ' என்ற சொற்களையும் காவல்துறைக் காவல் பற்றிய வரியையும் நீக்கி, விசாரணைக் கைதிகள் அனைவருக்கும் உடனே அஞ்சல் வாக்கு வழங்க வேண்டும். அடுத்த கட்டமாகத் தண்டனைக் கைதிகளுக்கும் அது விரிய வேண்டும். தண்டனை என்பது விடுதலையை இழப்பது, குடியுரிமையை இழப்பதன்று. இதை எந்தக் கட்சியும் தேர்தல் அறிக்கையில் எழுதவில்லை என்றால் காரணம் கடினமானதன்று. வாக்கில்லாதவரைத் தேடி எந்த வேட்பாளரும் வருவதில்லை. சிறையில் உணவு சரியில்லை, மருத்துவர் வருவதில்லை, வாய்தாவுக்கு அழைத்துச் செல்லக் காவலர் இல்லை என்ற குறைகள் சட்டமன்றத்தில் எழாமல் போவதற்கும் அதுவே காரணம்.

அடுத்த தேர்தலிலும் திண்டுக்கல்லில் பரப்புரை வண்டிகள் எல்லாத் தெருக்களிலும் ஓடும். ஒலிபெருக்கியின் சத்தம் மாவட்டச் சிறையின் சுவரையும் தாண்டி உள்ளே கேட்கும். உள்ளே இருப்பவர்களைப் பார்த்து யாரும் வாக்குக் கேட்க மாட்டார்கள். அவர்களுக்கும் சேர்த்து நாம்தான் கேட்க வேண்டும்.